சிவப்பு முக்கோணமும் ஓர் இடமாற்ற விண்ணப்பமும்

என் மனைவி அப்போது துணுக்காயில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். எங்கள் வீடு நெளுக்குளத்தில். திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் போனால் வெள்ளிக்கிழமை பொழுதுபடத்தான் திரும்பி வருவார். இடையில் உள்ள நாட்களில் ஆசிரியர் விடுதியில் ஓர் அறை, இன்னோர் ஆசிரியையோடு. முழங்கால் வருத்தம் தொடங்கிய பிறகு அந்தப் பயணம் அவருக்குப் பெரிய பாடாகிவிட்டது. பஸ்ஸில் ஏறும்போது இடக்காலை முதலில் வைப்பார். இறங்கும்போது ஒரு கையால் கம்பியையும் மறுகையால் முன்னால் நிற்பவரின் தோளையும் பிடிப்பார்.

இடமாற்றத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம். தவறவிட்டால் இன்னொரு வருடம் அதே பஸ், அதே அறை. அந்த வருடம் விண்ணப்பத்தை இணையத்தில் மட்டுமே ஏற்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். கடைசித் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் கணினி விறாந்தையை அடுத்த அறையில், யன்னலோரம் இருக்கிறது. மனைவியின் தம்பி வவுனியா நகரில் ஒரு கடையில் பாவித்த சாமானாக வாங்கித் தந்தது. பிளக் மேசைக்குக் கீழே, சுவரின் அடியில். குனிந்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றித்தான் அதைத் தொடலாம். அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் அதிகம் கழற்றி மாட்டப்பட்ட பிளக் அதுதான். ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் பின்னேரத்தில் இடி தவறாது. தூரத்தில் முதலாவது இடி உருண்டதுமே ஒழுங்கை முழுக்க, வீடு வீடாக ஒரே வேலை நடக்கும்: ரீவி, பிரிஜ், ரவுட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்குவது. சுவிச்சை அணைத்தால் போதாதா என்று யாரும் கேட்பதில்லை. போன வருடம் முன்வீட்டுக்காரர் சுவிச்சை மட்டும் அணைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். அவருடைய பிரிஜ் எரிந்த மணம் எங்கள் குசினி வரை வந்தது.

எனக்கு ஒழுங்கு முக்கியம். வீட்டில் உள்ள மணிக்கூடுகள் எல்லாம் சரியான நேரம் காட்ட வேண்டும் என்று நினைப்பவன். சுவர் மணிக்கூடு மட்டும் விலக்கு. மனைவி திங்கட்கிழமை பஸ்ஸுக்காக அதைப் பத்து நிமிடம் முந்தி வைத்திருந்தார். நான் சரியாக்குவதும் அவர் முந்தி வைப்பதுமாகச் சில மாதங்கள் போயின. பிறகு நான் விட்டுவிட்டேன்.

கடைசித் திகதிக்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம் இடி ஓய்ந்த பிறகு பிளக்கை மாட்டிக் கணினியைத் திறந்தேன். செய்தி வாசிக்க நினைத்தேன். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. கீழே, எங்கள் கணினியில் வருகிற அந்த மொழிபெயர்த்த தமிழில், உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்றும் தாக்குபவர்கள் உங்கள் தகவல்களைத் திருட முயற்சிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழேயும் ஏதோ எழுத்து இருந்தது. நான் அதுவரை போகவில்லை.

வன்னியில் மிதிவெடிச் சிவப்புப் பலகை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குப் பழக்கமான விஷயம். நின்று முழுவதையும் வாசிப்பதில்லை. சிவப்பைக் கண்ட இடத்தில் நிற்பது, வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்புவது. மண்ணில் கால் வைக்கப் பழகிய முறை அது. திரையைக் கண்டபோதும் என் உடம்பு அதையேதான் செய்தது. தகவல் என்ற சொல்லும் எங்களுக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. பெயர், வயது, பழைய விலாசம் என்று எத்தனை இடங்களில், எத்தனை பேரிடம், எத்தனை முறை கொடுத்திருப்போம். இனித் திருடுவதற்கு என்ன மிச்சம் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. குனிந்து பிளக்கை இழுத்தேன்.

பிறகு கனகராயன்குளத்தில் இருக்கும் மனைவியின் தம்பிக்கு எடுத்தேன். அவன் வயல் செய்கிறவன். ஆனால் குடும்பத்தில் கணினி, போன் சம்பந்தமான எதற்கும் அவனிடம்தான் கேட்பது. அதற்குக் காரணம், ஒருமுறை அவனுடைய முகநூல் கணக்கை யாரோ களவெடுத்து, அவன் பெயரில் எங்கள் சொந்தக்காரர் எல்லாரிடமும் போனுக்கு ரீலோட் போடச் சொல்லிக் கேட்டதுதான். அந்த அனுபவத்தை அவன் ஒரு தகுதியாகவே வைத்திருந்தான்.

"சிவப்பு முக்கோணம் ஒண்டு வருது மச்சான். தாக்குபவர்கள் தகவலைத் திருடப் பாக்கினமாம்."

"ஆராம்?"

"தாக்குபவர்கள்."

"உவங்கள் இன்னும் எங்களை விடேல்லையே?"

"பகிடி விடாதை. இப்ப என்ன செய்யிறது?"

"முதலிலை பிளக்கை இழுங்கோ அத்தான். கதைக்கிறதெல்லாம் பிறகு."

"இழுத்துப்போட்டன்."

"அப்ப தப்பீட்டியள். கள்ளன் லைனாலைதான் வாறவன். கரண்டில்லாட்டி அவனுக்குக் கண் தெரியாது. அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் பாருங்கோ. திரும்பச் சிவப்பு வந்தா திரும்ப இழுங்கோ. யோசிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது, சரியோ?"

ஆறவிட்டேன். திரும்ப மாட்டினேன். சிவப்பு வந்தது. இழுத்தேன்.

வெள்ளிக்கிழமை மனைவி வந்து, முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, கணினியில் விண்ணப்பம் போடலாமா என்று கேட்டார். சிவப்பு விஷயத்தைச் சொன்னேன். அவருடைய போனில் அந்த விண்ணப்பப் பக்கம் திறந்தது, ஆனால் பாடசாலையைத் தெரிவு செய்யும் பெட்டி விரியவில்லை. என் போனிலும் அப்படியே. தட்டினால் ஒரு சிறிய கோடு அசையும், அவ்வளவுதான்.

"நாளைக்குத் தம்பி வரட்டும்," என்றார். "அவன் வந்தா ஒண்டில் சரி வரும், இல்லாட்டி முற்றாப் பழுதாகும். ரெண்டிலை ஒண்டு தெரிஞ்சாலும் நிம்மதி."

சனிக்கிழமை காலை அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்ற முதலே மேசைக்குக் கீழே குனிந்து பிளக்கைப் பார்த்தான், வைத்தியர் நாடி பார்ப்பது போல. பிறகு கதிரையில் இருந்து கணினியைத் திறந்தான். சிவப்பு. அவன் காலால் என் காலைத் தட்டினான். நான் பிளக்கை இழுத்தேன். அன்று காலை முழுவதும் இதுதான் நடந்தது. அவன் கதிரையில், நான் மேசைக்குக் கீழே. ஆறவிடும் நேரத்தில் தேத்தண்ணி. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது போல இருந்தது.

குசினியிலிருந்து மனைவி கேட்டார்: "என்ன, கள்ளன் பிடிபட்டிட்டானோ?"

"விடமாட்டம் அக்கா. அவனுக்கும் களைக்கும்தானே."

"அவனுக்குக் களைக்க முதல் ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சிடும்."

நகரில் உள்ள கடை ஒன்றில் போய்ச் செய்யலாம் என்று நான் சொன்னேன். மனைவிக்கு விருப்பமில்லை. விண்ணப்பத்துடன் முழங்கால் வருத்தத்துக்கான வைத்திய அறிக்கையும் சேர்க்க வேண்டும். அதை ஒரு கடையின் கணினியில் ஏற்றி, பாஸ்வேட்டையும் அங்கே அடித்து, பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் வாசித்துக்கொண்டு நிற்பது அவருக்குச் சரிவரவில்லை. "கடைசி வழியா வைச்சிருப்பம்," என்றார். பின்னேரம் இடி வந்தது. இழுத்த பிளக்கை மாட்டுவதற்கு முதலே ஊருக்கே கரண்ட் போய்விட்டது. மழை விடாததால் தம்பி எங்களோடு தங்கினான்.

ஞாயிறு காலை அந்தக் கடைசி வழியைத் தேடி நான் நகருக்குப் போனேன். பெரும்பாலான கடைகள் பூட்டு. திறந்திருந்த ஒரே கடையில் முதலாளி கதவடியில் கதிரை போட்டு இருந்தார். நேற்றைய இடியோடு இணைய லைன் போய்விட்டது, நாளைக்குத்தான் ஆட்கள் வருவார்கள் என்றார். "பிளக்குக் கழட்டினனான், ஆனால் லைன் வயரை மறந்துபோனன்," என்று அவர் சொன்னது ஒரு மரண வீட்டில் காரணம் சொல்வது போல இருந்தது.

நான் திரும்பி வந்து அதைச் சொன்னபோது மனைவி சோறு போட்டார். சாப்பிட்டு முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கணினி மேசைக்குப் போனார். வெளியே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"எழும்பு," என்றார் தம்பியிடம். "நான் இருக்கிறன்."

கணினி திறந்தது. அவர் விண்ணப்பப் பக்கத்தின் பெயரை நிதானமாக அடித்தார். சிவப்பு முக்கோணம் வந்தது. நான் குனிந்தேன்.

"தொடாதையுங்கோ."

"சிவப்பு..."

"எனக்கும் கண் தெரியுது. கையை எடுங்கோ."

மேசைக்குக் கீழேயிருந்து நான் தலையை வெளியே எடுத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, திரைக்குக் கிட்டப் போனார்.

"இதை முழுக்க வாசிச்சனீங்களோ?"

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி, "கள்ளன் எண்டு போட்டிருக்கு, அதுக்குப் பிறகு என்னத்தை வாசிக்கிறது அக்கா," என்றான்.

"என்ரை பிள்ளையளும் உப்பிடித்தான். கேள்வியின்ரை முதல் வரியைப் பாத்திட்டு விடை எழுதத் தொடங்கீடுங்கள். பிறகு சேட்டுக் கையாலை வேர்வையைத் துடைச்சுக்கொண்டு இருக்குங்கள்."

கீழே விவரம் என்று ஒரு சிறிய பொத்தான் இருந்தது. அதை அமத்தினார். இன்னும் கொஞ்சம் எழுத்து வந்தது. வகுப்பில் வாசிப்பது போலவே உரத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உங்கள் கணினியின் திகதியும் நேரமும் தவறாக உள்ளதால் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று இருந்தது. கணினி நினைத்துக்கொண்டிருந்த திகதியையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது: பல வருடங்களுக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாம் திகதி.

மூன்று பேரும் திரையின் மூலையைப் பார்த்தோம். அங்கேயும் அதே ஜனவரி. நேரம், நாங்கள் கணினியைத் திறந்து எவ்வளவு நிமிடம் ஆனதோ அவ்வளவு.

யுத்தத்தில் இடம்பெயர்ந்திருந்த அந்த ஜனவரியில் எங்களிடம் கரண்ட் இருக்கவில்லை. வீடும் இருக்கவில்லை. மனைவி ஒரு கணம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கை போய் நிண்டுகொண்டு இண்டைக்கு இருக்கிற ஆக்களோடை கதைக்க வெளிக்கிட்டா ஆர்தான் நம்புவினம்," என்றார்.

"அப்ப கள்ளன்?" என்றான் தம்பி.

"கள்ளனும் இல்லை, ஒருத்தரும் இல்லை. திகதியைச் சொல்லுங்கோ."

திகதியை நான் சொன்னேன். நேரத்துக்கு அவர் சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்து அதில் இருந்ததை அப்படியே அடித்தார். அது பத்து நிமிடம் முந்தியது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். பக்கத்தைத் திரும்ப அழைத்தார். முக்கோணம் வரவில்லை. விண்ணப்பம் வந்தது. கணினி பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொண்டது.

பாடசாலைப் பெட்டி ஒரு தட்டில் விரிந்தது. அவர் முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்று தெரிவு செய்தார். சேவைக் காலம், பாடம், வகுப்புகள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் திரையின் மூலையில் இருந்த நேரம் சட்டென்று பத்து நிமிடம் பின்னால் போனது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிடம் பிசகாமல் சரியாக இருந்தது. இணையத்தில் எங்கிருந்தோ அது தானாகவே சரியான நேரத்தைக் கேட்டு எடுத்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பிளக் இழுக்கும் ஒவ்வொரு முறையும் கணினி தன் நேரத்தை மறந்து பழைய ஜனவரிக்குப் போகிறது. மாட்டிக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகவே திரும்பி வந்திருக்கும். நாங்கள்தான் விடவில்லை. சிவப்பைக் கண்டவுடன் இழுத்து, அடுத்த சிவப்பை நாங்களே உண்டாக்கிக்கொண்டிருந்தோம்.

இதைச் சொல்லத் தம்பியின் பக்கம் திரும்பினேன். அதே நேரம் தூரத்தில், குளத்துப் பக்கமாக, இடி உருண்டது.

ஒழுங்கையில் வழக்கமான சத்தங்கள் தொடங்கின. ஒரு வீட்டில் ரீவியின் சத்தம் பாட்டின் நடுவில் அறுந்தது. இன்னொரு வீட்டில் யாரோ பிள்ளையைக் கூப்பிட்டு மோட்டரை நிற்பாட்டச் சொன்னார்கள். மனைவி வைத்திய அறிக்கையைச் சேர்க்கும் இடத்தில் இருந்தார். கோப்பைத் தெரிவு செய்து அமத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

இரண்டாவது இடி கிட்டத்தில்.

"இஞ்சரும்," என்றேன். "கழட்டிப்போட்டுப் பிறகு..."

"பிறகு எண்டு ஒண்டு இல்லை."

வேலிக்கு அந்தப் பக்கம் முன்வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "சேர்! கிட்ட வருது சேர்! பிளக்கெல்லாம் கழட்டியாச்சே?"

தம்பி யன்னலால் தலையை நீட்டினான். "ஓம் ஓம், எல்லாம் கழட்டியாச்சு! நீங்கள் பிரிஜ்ஜைப் பாருங்கோ!"

மின்னல் அறையை வெள்ளையாக்கியது. என் வலது கை தன் பாட்டில் மேசைக்குக் கீழே போனது. மனைவி திரும்பிப் பார்க்காமலே, வருத்தமான அந்தக் காலை நீட்டிப் பிளக்குக்கு முன்னால் வைத்தார். முழங்கால் மடிந்து நீளும்போது அவர் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. நான் கையை எடுத்தேன். வட்டம் சுற்றியது. கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. தம்பி யன்னலை இழுத்துச் சாத்தினான். அவன் பகிடி விடாமல் இருந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

வட்டம் நின்றது. அறிக்கை சேர்ந்துவிட்டது. அவர் எல்லாப் பெட்டிகளையும் மேலிருந்து கீழாக இன்னொரு முறை வாசித்தார். இடி தலைக்கு மேலே வெடித்துக்கொண்டிருக்க, அவர் அதை வாசித்த வேகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. வேகமே இல்லை. பிறகு சமர்ப்பி என்பதை அமத்தினார். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு வரியும் ஓர் இலக்கமும் அன்றைய திகதியும் வந்தன. இலக்கத்தைத் தன் உள்ளங்கையில் பேனையால் எழுதினார். காலை இழுத்துக்கொண்டார்.

"இப்ப கழட்டுங்கோ," என்றார்.

கழற்றினேன். கணினி மறுபடியும் அதன் ஜனவரிக்குப் போயிருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த கிழமை நகரில் ஒரு கடையில் விசாரித்தேன். கணினிக்குள்ளே காசு அளவில் ஒரு சின்னப் பற்றறி இருக்கிறது, பிளக்கில் கரண்ட் இல்லாத நேரத்திலும் மணிக்கூடு ஓடுவது அதனால்தான், எங்களுடையது தீர்ந்துபோயிருக்கும் என்றார்கள். அவ்வளவு காலமும் நாங்கள் எத்தனை முறை பிடுங்கினாலும் அது சத்தமில்லாமல் நேரத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. புதியது ஒன்று வாங்கி வந்து, மூடியைத் திறந்து நானே போட்டேன். அதன் பிறகு இடிக்குப் பிளக் இழுப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. சிவப்பு வந்தால் இழுப்பதை நிறுத்திவிட்டோம். தம்பி மட்டும், அன்றைக்குக் கள்ளன் உள்ளேதான் இருந்தான், அக்காவின் வாசிப்பைக் கேட்டு அலுத்துப்போய்த்தான் வெளிக்கிட்டான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இடமாற்றம் கிடைத்தது. முதல் விருப்பமாகப் போட்ட பாடசாலை இல்லை, மூன்றாவது. ஆனால் காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். துணுக்காயிலிருந்து அவருடைய சாமான்களை ஏற்றிவர நானும் தம்பியும் போனோம். இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு மின்கேத்தல். அறைத் தோழி கேத்தலைத் துணியில் சுற்றித் தந்தபோது அழுதார். மனைவி அழவில்லை. திரும்பி வரும் வழியில் கனகராயன்குளம் வரைக்கும் நித்திரை கொண்டார்.

முதல் திங்கட்கிழமை, பழைய பஸ்ஸுக்காக வைத்திருந்த எலாரம் விடிய முதல் அடித்தது. அதை நிற்பாட்ட நான் மறந்திருந்தேன். இரண்டு பேரும் எழும்பிக் கட்டிலில் இருந்தோம். அவர் காலை நிலத்தில் வைத்து, பிறகு திரும்பவும் மேலே எடுத்துப் போர்வைக்குள் வைத்தார்.

விடிந்த பிறகு, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஏறி நிற்க ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு, சுவர் மணிக்கூட்டை இனிச் சரியான நேரத்துக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேண்டாம். இப்பவும் பஸ்தானே," என்றார்.

நான் கதிரையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.